பழைய டீசல் பிக்கப் மேடு ஏற மாட்டேங்குதா? பம்ப்பை கழட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

பண்ணாரி தாண்டுனா திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவு, அதுல ஒன்பதாவது வளைவுல 20 மூட்டை டிஏபி உர லோடோட என் வண்டி முக்க ஆரம்பிச்சுது. இன்ஜின் ஆஃப் ஆகல, ஓடிட்டுதான் இருக்கு, ஆனா ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சாலும் இழுக்கல, பின்னாடி பஸ்ஸுக்காரர் ஹாரன் அடிக்கிறார். ஓரமா ஒதுக்கி ஒரு பத்து நிமிஷம் ஆஃப் பண்ணி போட்டேன், திரும்ப எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறுது, பதினஞ்சாவது வளைவுல மறுபடி அதே கதை. கீழ வந்து ஒர்க்‌ஷாப்ல விட்டேன், டீசல் பம்ப் போயிடுச்சுன்னு சொன்னாங்க, கழட்டி சர்வீஸ் பண்ணி நாஸிலும் (சிலிண்டருக்குள்ள டீசலை பீச்சறது) மாத்தி 18,000 ரூபா ஆச்சு. அடுத்த லோடு ஏத்திட்டு போனேன், அதே ஒன்பதாவது வளைவு, அதே முக்கல். கடைசில பிரச்சனை என்னன்னு கண்டுபிடிச்சப்போ அதுக்கு ஆன செலவு ரெண்டு செம்பு வாஷரும் ஒரு மீட்டர் ஹோஸும்தான். அது என்னன்னு கீழ சொல்றேன், ஏன்னா இந்த காசை வேற யாரும் வீணாக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

என் வண்டி 2008 மாடல், 2.5 லிட்டர், டர்போ (இன்ஜினுக்கு காத்தை அழுத்தி அனுப்பறது) இருக்கு, ரோட்டரி பம்ப், கம்ப்யூட்டர் கிடையாது. இந்த மாதிரி மெக்கானிக்கல் பம்ப் வச்ச வண்டிக்குத்தான் முக்கியமா சொல்றேன், காமன் ரெயில் வண்டி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல அதிக அழுத்தத்துல டீசல் பீச்சற புது ரகம்) வச்சிருக்கறவங்களுக்கு பாதி விஷயம் அப்படியே பொருந்தும், மீதிக்கு கடைசில தனியா சொல்லியிருக்கேன்.

முதல்ல ஒரு விஷயம், வண்டி இழுக்கலன்னு பொதுவா சொன்னா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, உங்களாலயும் முடியாது. எப்போ இழுக்கலன்னு ஒரு நாள் கவனிச்சு எழுதி வைங்க. கிளம்பின உடனேயா, சூடானப்புறமா, லோடு இருந்தா மட்டுமா, காலி வண்டிலயுமா, 60க்கு மேல போகலையா, இல்ல கீழ் ஆர்பிஎம்ல மட்டும் சோம்பலா இருக்கா, கொஞ்ச நேரம் நிறுத்தினா சரியாகுதா, திடீர்னு ஒரே நாள்ல வந்துச்சா இல்ல ஆறு மாசமா மெதுவா குறைஞ்சிட்டே வந்துச்சா. திடீர்னு வந்தா பெரும்பாலும் ஒரு ஹோஸ் பிச்சுக்கிச்சு, ஒரு கேபிள் நழுவிச்சு, இல்ல டீசல்ல அழுக்கு. மெதுவா வந்தா ஃபில்டர், நாஸில், கிளட்ச், கம்ப்ரஷன். கடைசியா வண்டில யாரு கை வச்சாங்க, எதை கழட்டுனாங்கன்னும் யோசிங்க, பாதி கேஸ்ல விடை அங்கதான் இருக்கு.

அடுத்து இன்ஜின்லதான் கோளாறான்னு உறுதி பண்ணுங்க. சக்தி இன்ஜின்ல வந்துட்டு நடுவுல தொலைஞ்சு போறதும் உண்டு. கிளட்ச் ஸ்லிப் ஆகுதான்னு பாக்க சுலபமான வழி, லேசான மேட்டுல நாலாவது கியர்ல 40ல போயிட்டு ஆக்சிலேட்டரை டக்குனு முழுசா மிதிங்க, இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி ஸ்பீடு ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது, கூடவே கருகின வாசனை வரும். கிளட்ச் பிளேட்டை மாத்தப் போறதுக்கு முன்னாடி பெடல்ல கொஞ்சமாவது ஃப்ரீ பிளே இருக்கான்னு பாருங்க, அட்ஜஸ்ட்மென்ட் டைட்டா வச்சிருந்தா நல்ல பிளேட்டும் வழுக்கும்.

அப்புறம் பிரேக். ஒரு 10 கிலோமீட்டர் பிரேக் அதிகம் மிதிக்காம ஓட்டிட்டு வந்து நாலு வீல் நடுவுலயும் கையை கிட்ட கொண்டு போங்க, தொடாதீங்க, முதல்ல அனல் தெரியுதான்னு பாருங்க. ஒண்ணு மட்டும் கொதிச்சா அந்த வீல்ல பிரேக் புடிச்சிட்டே இருக்கு. பழைய பிக்கப்ல ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடிச்சு திரும்பி வராம நிக்கறது ரொம்ப சாதாரணம், டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இறக்கிட்டதா நினைச்சிட்டு இருப்பார், பின்னாடி லைனர் டிரம்மை உரசிட்டே வரும். சந்தேகமா இருந்தா ஜாக்கி போட்டு (மத்த வீலுக்கு கட்டை வச்சுட்டு) கையால சுத்தி பாத்துடுங்க. டயர் காத்தும் பாருங்க, பின் டயர் ரெண்டும் 15 பவுண்டு குறைஞ்சிருந்தா லோடுல தனியா ஒருத்தர் பின்னாடி புடிச்சு இழுக்கற மாதிரிதான் இருக்கும்.

இதெல்லாம் சரின்னா பானெட்டை திறங்க. ஒருத்தரை உள்ள உக்கார வச்சு இன்ஜின் ஆஃப்ல ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கச் சொல்லுங்க, நீங்க பம்ப் மேல இருக்கற லிவரை பாருங்க. அது போய் ஃபுல் ஸ்டாப் ஸ்க்ரூவுல டக்குனு முட்டணும். பாதியில நின்னா உங்க வண்டிக்கு நோயே இல்ல, கேபிள் இழுத்து நீண்டு போயிருக்கு, அல்லது பெடல் கீழ மேட் மடங்கி தடுக்குது. மூணு நாள் ஒர்க்‌ஷாப்ல கிடந்த ஒரு வண்டிக்கு கடைசில ரப்பர் மேட்டை எடுத்துப் போட்டதும் சரியானதை நானே பாத்திருக்கேன். அந்த ஸ்டாப் ஸ்க்ரூவையும், பக்கத்துல சீல் போட்டு இருக்கற டீசல் ஸ்க்ரூவையும் மட்டும் திருகாதீங்க. திருகினா கொஞ்சம் இழுக்கற மாதிரி தெரியும், புகை கக்கும், மைலேஜ் போகும், எக்ஸாஸ்ட் சூடு ஏறி பிஸ்டனும் டர்போவும் அடி வாங்கும், உண்மையான கோளாறு அப்படியே உள்ள உக்காந்திருக்கும்.

இப்போ புகை. டீசல் வண்டி வாயைத் திறந்து பேசறது சைலன்சர் வழியாத்தான். லோடோட மேட்டுல ஏறும்போது பின்னாடி ஒரு பைக்ல ஆளை வரச் சொல்லி என்ன நிறத்துல புகை வருதுன்னு பாக்கச் சொல்லுங்க, இல்ல கண்ணாடில நீங்களே பாருங்க. நின்ன இடத்துல ரேஸ் பண்ணி பாக்கறது பத்தாது, லோடு ஏறினாத்தான் உண்மை வரும். கரும்புகைன்னா டீசல் போகுது, அதுக்கு ஏத்த காத்து போகல. வெள்ளைப்புகை கண்ணு எரியற மாதிரி வந்தா டீசல் எரியாமலே வெளிய வருது, டைமிங் லேட்டா இருக்கலாம், நாஸில் ஒழுகலாம், கம்ப்ரஷன் கம்மியா இருக்கலாம். வெள்ளையா ஆவி மாதிரி வந்து ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட்டை பாருங்க. நீலம்னா இன்ஜின் ஆயில் எரியுது. முக்கியமானது இதுதான், புகையே இல்ல, சுத்தமா இருக்கு, ஆனா இழுக்கல, அப்படின்னா டீசலே பத்தல. என் வண்டி இந்த ரகம். பம்ப்பை கழட்டச் சொன்ன அன்னைக்கு யாரும் புகையை பாக்கவே இல்ல, எனக்கும் அப்போ பாக்கத் தெரியல.

கரும்புகை வர்றவங்க காத்து பக்கமா போங்க. ஏர் ஃபில்டரை எடுத்து வெயில்ல தூக்கிப் பிடிங்க, இல்ல உள்ள ஒரு டார்ச் வச்சு பாருங்க, வெளிச்சம் வெளிய தெரியலன்னா மாத்திடுங்க. செங்கல் சூளை, ரைஸ் மில், மண்ரோடு பக்கம் ஓடுற வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு பாக்கவே கூடாது, கண்ணால பாத்துத்தான் முடிவு பண்ணணும். காத்து அடிச்சு சுத்தம் பண்றதா இருந்தா உள்ளேருந்து வெளிய மெதுவா அடிங்க, வெளியேருந்து அடிச்சா தூசியை பேப்பருக்குள்ள நீங்களே திணிக்கிறீங்க. ஃபில்டர் இல்லாம ஓட்டிப் பாக்கலாமேன்னு தோணும், வேணாம், டர்போ பிளேடு லட்சத்துக்கு மேல ஆர்பிஎம்ல சுத்தறது, ஒரு சின்ன கல்லு போனாலும் முடிஞ்சுது. ஃபில்டர் பாக்ஸுக்குள்ள எலி கூடு, காஞ்ச இலை இருக்கான்னும் கையை விட்டு பாருங்க, தோட்டத்துல நிக்கற வண்டிக்கு இது நிறைய நடக்கும்.

ஃபில்டர்லேருந்து டர்போக்கு போற ரப்பர் ஹோஸ் பழசானா மெத்துனு ஆயிடும், ஐடில்ல நல்லா இருக்கும், ரேஸ் பண்ணினா உறிஞ்சி ஒட்டிக்கும். ஒருத்தரை ரேஸ் பண்ணச் சொல்லி அதையே பாருங்க, சப்பினா மாத்துங்க. டர்போலேருந்து இன்டர்கூலருக்கும் (அந்தக் காத்தை ஆற வைக்கறது), அங்கேருந்து மேனிஃபோல்டுக்கும் போற ஹோஸ்ல அழுத்தம் இருக்கும், இந்த வண்டிகள்ல சுமாரா 0.7லேருந்து 1 பார் வரைக்கும், அதனால சின்ன விரிசல் இருந்தாலும் லோடுல வாய் பிளந்து காத்து வெளிய போகும், நின்னா மூடிக்கும். விரிசல் எப்பவும் நம்ம கண்ணுக்கு படாத அடிப்பக்கம்தான் வரும். கையை அடியில விட்டு தடவுங்க, ஒரு இடத்துல மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு தூசியோட அப்பியிருந்தா அங்கதான் லீக். மேடு ஏறும்போது உஸ்ஸுனு ஒரு சத்தம் புதுசா கேட்டாலும் இதேதான். ஹோஸ் உள்பக்கம் தோல் உரிஞ்சு பாதையை அடைக்கறதும் உண்டு, வெளிய பளபளன்னு இருக்கும், அதனால கழட்டி உள்ளயும் ஒரு கண்ணு பாருங்க.

டர்போவை பாக்கறதா இருந்தா இன்ஜின் ஆறினப்புறம் ஃபில்டர் பக்க ஹோஸை கழட்டி ஷாஃப்ட்டை விரலால சுத்துங்க, தடங்கல் இல்லாம சுத்தணும். பக்கவாட்டுல துளி ஆட்டம் இருக்கும், அது தப்பில்ல, ஆனா முன்னும் பின்னும் இழுத்தா ஆடக் கூடாது, பிளேடு ஹவுசிங்கை உரசின தடம் இருக்கக் கூடாது. டர்போ நல்லா இருந்தும் பூஸ்ட் (டர்போ தர்ற காத்தழுத்தம்) வரலன்னா வேஸ்ட்கேட் (அழுத்தம் அதிகமானா புகையை திருப்பி விடற கதவு) ராடு துருப்பிடிச்சு திறந்தே நிக்குதான்னு பாருங்க. EGR (எக்ஸாஸ்ட் புகைல கொஞ்சத்தை திரும்ப இன்ஜினுக்குள்ள விடறது) இருக்கற வண்டில அந்த வால்வு கார்பன் புடிச்சு திறந்தபடி நின்னாலும் இதே கரும்புகை இதே மந்தம், கழட்டினா உள்ள தார் ஊத்தி வச்ச மாதிரி இருக்கும், பொறுமையா சுத்தம் பண்ணினா நிறைய வண்டிக்கு உயிர் வந்துடும். சைலன்சரும் மறந்துடாதீங்க, அடிபட்டு நசுங்கியிருந்தாலோ உள் தகடு கழண்டு வழியை அடைச்சிருந்தாலோ இன்ஜின் மூச்சு விட முடியாது, கேட்கான் (சைலன்சர் லைன்ல புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) இருக்கற வண்டில அது அடைச்சுக்கும், அப்போ மேல் ஆர்பிஎம்ல சுவத்துல முட்டின மாதிரி நின்னுடும்.

இப்போ டீசல் பக்கம் வருவோம், இங்கதான் கொஞ்சம் நிதானமா சொல்லணும்.

டேங்க்லேருந்து பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருது. அழுத்தம் இருக்கற பைப்புல ஓட்டை இருந்தா டீசல் வெளிய ஒழுகும், கண்ணுக்கு தெரியும். உறிஞ்சற பைப்புல ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும், கீழ ஒரு சொட்டு ஈரம் கூட இருக்காது. அதனாலதான் இந்தக் கோளாறு எல்லாரையும் ஏமாத்துது. ரோட்டரி பம்ப்ல இன்னொரு விஷயம், உள்ள இருக்கற டீசல் அழுத்தத்தை வச்சுத்தான் அது டைமிங்கையே முன்னாடி தள்ளுது, பம்ப்புக்குள்ள உரசற பாகத்துக்கெல்லாம் ஆயிலும் அந்த டீசல்தான். அப்போ டீசல் சரியா வரலன்னா அளவு குறையறது மட்டுமில்ல, டைமிங்கும் பின்தங்கும், பம்ப்பும் தேயும். பம்ப் கெட்டதுக்கே காரணம் டேங்க் பக்கம் இருக்கலாம், பம்ப்பை மட்டும் சரி பண்ணி மாட்டினா அது மறுபடி கெடும்.

முதல்ல ஃபில்டர். அடியில இருக்கற வடிகால் திருகை லூஸ் பண்ணி ஒரு கண்ணாடி டம்ளர்ல புடிங்க, அஞ்சு நிமிஷம் அசையாம வச்சுட்டு பாருங்க, தண்ணி இருந்தா அடியில கோடு போட்ட மாதிரி தனியா நிக்கும். கருப்பா சளி மாதிரி வந்தா டேங்க்ல தண்ணி ரொம்ப நாளா இருக்குன்னு அர்த்தம், டேங்கையே கழட்டி கழுவணும். ஃபில்டர் எப்ப மாத்தினீங்கன்னு ஞாபகம் இல்லன்னா யோசிக்காம மாத்திடுங்க, ரெண்டு ஃபில்டர் இருந்தா ரெண்டையும் சேத்து மாத்துங்க. மாத்தினதும் ஹேண்ட் பிரைமரை (கையால டீசல் ஏத்தற சின்ன பம்ப்) அழுத்தி ஏர் எடுங்க, கடைசில அது கல்லு மாதிரி கெட்டியா நிக்கணும். ராத்திரி கெட்டியா இருந்துட்டு காலையில மெத்துனு இருந்தா எங்கேயோ காத்து எடுக்குது.

அடுத்து டேங்க் மூடி. டேங்க்ல டீசல் குறைய குறைய அந்த இடத்துக்கு காத்து உள்ள போகணும், அந்த ஓட்டை மண்ணு அடைச்சிருந்தா உள்ள வெற்றிடமாகி டீசல் வராது. வண்டி முக்கற இடத்துலேயே நிறுத்தி மூடியைத் திறங்க, உஸ்ஸுனு காத்து உள்ள இழுத்தா, அதுக்கப்புறம் மூடியை லூஸா வச்சு ஓட்டினா நல்லா இழுத்தா, கோளாறு கிடைச்சிடுச்சு. இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல, அதனால முதல்லயே பாத்துடுங்க.

அப்புறம் நான் யாரைப் பாத்தாலும் சொல்ற ஒண்ணு, கண்ணாடி மாதிரி தெரியற டீசல் ஹோஸ் ஒரு மீட்டர் வாங்கி பம்ப்புக்கு உள்ள போற லைன்ல தற்காலிகமா மாட்டுங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணி டார்ச் அடிச்சு பாருங்க. ஸ்டார்ட் பண்ணின உடனே ஒண்ணு ரெண்டு குமிழி போறது பரவாயில்ல, ரெண்டு நிமிஷம் கழிச்சும் சோடா பாட்டில் மாதிரி குமிழி ஓடிட்டே இருந்தா உறிஞ்சற பக்கம் காத்து எடுக்குது. எங்கன்னு கண்டுபிடிக்க டேங்க்லேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ஜாயின்ட்டா பாருங்க, கிளிப் துரு, ஹோஸ் முனையில வெடிப்பு, டீசல் உள்ளால போற ஓட்டை போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற செம்பு வாஷர். ஒருதடவை கழட்டின செம்பு வாஷரை அப்படியே திரும்பப் போடாதீங்க, அது இறுகிப் போயிருக்கும், புதுசே போடுங்க, விலை ஒண்ணும் இல்ல. என் வண்டில முதல்ல தெரிஞ்சது இதுதான், ஃபில்டர் ஹெட்ல பழைய வாஷர் தட்டையாகி ஒரு பக்கம் நசுங்கியிருந்துச்சு, குமிழி சரம் சரமா போச்சு. வாஷரை மாத்தினேன், குமிழி நின்னுச்சு. சந்தோஷமா லோடு ஏத்திட்டு போனேன், ஒன்பதாவது வளைவுல நிக்கல, ஆனா பதினொண்ணுல நின்னுச்சு.

அப்போதான் கேன் டெஸ்ட் பண்ணினேன், முன்னாடியே பண்ணியிருக்கணும். அஞ்சு லிட்டர் கேன்ல சுத்தமான டீசல் ஊத்தி, டேங்க்லேருந்து வர்ற லைனை கழட்டிட்டு அந்த இடத்துல கேன்லேருந்து ஒரு ஹோஸ் கொடுத்து ஓட்டிப் பாக்கறது. கேனை இன்ஜின் ரூமுக்குள்ள வைக்காதீங்க, டர்போ பக்கம் நெருப்பு அபாயம், கேபினுக்குள்ளயும் வேணாம், பாடியில முன்பக்கம் நகராம கட்டி ஹோஸை சூடான பைப் படாம கொண்டு வாங்க. ரிட்டர்ன் லைன் டேங்குக்கே போனா கேன் சீக்கிரம் காலியாகும், அதனால தூரம் போகாதீங்க. இன்னொண்ணு, கேன் உயரத்துல இருந்தா டீசல் தானா இறங்கி வரும், அப்போ ஃபீட் பம்ப் (டேங்க்லேருந்து டீசலை இழுத்து கொடுக்கறது) வீக்கா இருந்தாலும் வண்டி நல்லா ஓடும், அதையும் மனசுல வச்சுக்கோங்க. என் வண்டி கேன்ல நல்ல இழுவையோட ஏறுச்சு, அப்போ பம்ப், நாஸில், இன்ஜின் எல்லாம் நல்லா இருக்கு, கோளாறு டேங்க்லதான்னு முடிவாச்சு.

டேங்கை இறக்கி உறிஞ்சற பைப்பை வெளிய எடுத்தா அடியில ஜல்லடையில பனியன் வேஸ்ட் நூலு சுத்தியிருக்கு, கூடவே பத்து ரூபா காயின் அளவுக்கு ஒரு ஆயில் கேன் வாய் சீல், பளபளன்னு மெல்லிசா. எப்பவோ யாரோ கேன்ல டீசல் ஊத்தினப்போ விழுந்திருக்கு. சமதரையில டீசல் மெதுவா போறப்போ அது பாட்டுக்கு மிதக்கும், மேட்டுல இழுவை கேக்கறப்போ உறிஞ்சற வேகத்துல போய் ஜல்லடையில ஒட்டிக்கும், டீசல் நிக்கும். வண்டியை ஆஃப் பண்ணினா உறிஞ்சல் நின்னு அது கழண்டு கீழ விழும், பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா நல்லா ஓடும். கொஞ்ச நேரம் நிறுத்தினா சரியாகி மறுபடி அதே மாதிரி ஆகுதுன்னா முதல் சந்தேகம் டேங்குக்குள்ள ஏதாவது மிதக்குதாங்கறதுதான். இறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும்னா லைனை ஃபில்டர் பக்கம் கழட்டி டேங்க் மூடியைத் திறந்து வச்சு, டேங்க் பக்கமா லேசா காத்து ஊதி பாருங்க, கொட கொடன்னு சத்தம் தடையில்லாம கேக்கணும். ஊதினதும் வண்டி ஒரு நாள் நல்லா ஓடி மறுபடி முக்கினா சந்தேகமே வேணாம், டேங்கை இறக்கிடுங்க.

ஃபீட் பம்ப் தனியா இருக்கற வண்டில அதுக்குள்ள டயாஃப்ரம் கிழிஞ்சா இழுவை குறையறதோட டீசல் இன்ஜின் ஆயில்ல கலக்கும். டிப் ஸ்டிக்ல ஆயில் அளவு தானா ஏறியிருந்தா, மோந்து பாத்தா டீசல் வாடை அடிச்சா வண்டியை ஓட்டாதீங்க, பேரிங் போயிடும்.

பம்ப் வெளிய ரெண்டு சின்ன விஷயம் பாத்துடுங்க. டர்போ வண்டியோட ரோட்டரி பம்ப் மேல ஒரு தொப்பி மாதிரி இருக்கும், மேனிஃபோல்டுலேருந்து அதுக்கு ஒரு சின்ன ரப்பர் டியூப் வரும். பூஸ்ட் வந்துடுச்சு, இனி டீசலை கூட்டலாம்னு பம்ப்புக்கு சொல்றது அந்த டியூப்தான். அது வெடிச்சிருந்தா டர்போ நல்லா ஓடும், புகை இருக்காது, ஆனா இழுவை பாதிதான் இருக்கும், சுண்டு விரல் மொத்தத்துல ஒரு டியூப், முனையை அரை இஞ்ச் வெட்டிட்டு திரும்ப சொருகினாலே பல வண்டி சரியாகும். ரெண்டாவது, ரோட்டரி பம்ப்புல உள்ள வர்ற போல்ட்டும் திரும்பப் போற போல்ட்டும் பாக்க ஒண்ணு போல இருக்கும், ஆனா திரும்பப் போறதுல பொடி ஓட்டை, தலையில OUTன்னு எழுதியிருக்கும். ரெண்டையும் மாத்தி மாட்டிட்டா உள்ள அழுத்தமே நிக்காது. பம்ப் வேலை பாத்தப்புறம்தான் இழுவை போச்சுன்னா இதை முதல்ல பாருங்க.

நாஸில் சந்தேகம் இருந்தா பழைய மெக்கானிக்கல் வண்டில ஐடில்ல ஓட விட்டு ஒவ்வொரு நாஸிலோட பைப் நட்டையும் ஒண்ணொண்ணா அரை சுத்து லூஸ் பண்ணுங்க, கண்ணுக்கு கண்ணாடி போட்டுட்டு, மேல துணி மூடிட்டு. நல்ல சிலிண்டரா இருந்தா இன்ஜின் ஆட்டம் காணும், லூஸ் பண்ணியும் ஒரு மாத்தமும் இல்லன்னா அந்த சிலிண்டர் வேலையே செய்யல. அந்த நாஸிலை மட்டும் பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் பாருங்க, கோளாறு கூடவே போனா நாஸில், அங்கேயே நின்னா வால்வோ கம்ப்ரஷனோ.

காமன் ரெயில் வண்டில மேல சொன்ன நட் லூஸ் பண்ற வேலையை செய்யவே செய்யாதீங்க. இதை கெஞ்சிக் கேக்கறேன். அதுல டீசல் 1000 பாருக்கு மேல போற அழுத்தம், கண்ணுக்குத் தெரியாத பொடி பீச்சல் தோலைக் கிழிச்சு உள்ள போகும், வெளிய ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலி கூட முதல்ல இருக்காது, ஆனா விட்டா விரலையே எடுக்க வேண்டி வரும். அப்படி யாருக்காவது பட்டா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் டீசல் உள்ள போயிருக்குன்னு சொல்லுங்க. காமன் ரெயில் வண்டிக்கு காத்து, ஃபில்டர், டேங்க், ஹோஸ், பிரேக், கிளட்ச் வரைக்கும் நீங்க பாக்கலாம், அதுக்கு மேல ஸ்கேனர் போட்டு ரெயில் பிரஷர், பெடல் சென்சார், ஏர் ஃப்ளோ சென்சார் ரீடிங்கை ஓட்டும்போதே பாக்கச் சொல்லுங்க. செக் லைட் எரிஞ்சு வண்டி ஒரு ஆர்பிஎம்முக்கு மேல போக மாட்டேங்குதுன்னா அது தன்னைக் காப்பாத்திக்க தானே கட் பண்ணுது, ஸ்கேனர்ல காட்டற எரர் கோடை (code) அழிச்சு அனுப்பறது வைத்தியம் ஆகாது.

இவ்வளவும் பாத்தும் சரியாகலன்னா கடைசில டைமிங், டேப்பட், கம்ப்ரஷன். டைமிங் பெல்ட் மாத்தினப்புறம் சோம்பலா ஆச்சுன்னா ஒரு பல் நழுவி மாட்டியிருக்கலாம், லேட்டா இருந்தா வெள்ளைப்புகையும் காலையில ஸ்டார்ட்டிங் கஷ்டமும் வரும், அட்வான்ஸ் ஆனா கட கடன்னு அடிக்கும். பம்ப்பை கண்ணளவுல திருப்பி வைக்காம டயல் கேஜ் வச்சு செட் பண்ற ஆளா பாருங்க. கம்ப்ரஷனுக்கு வீட்டு சோதனை, சூடான இன்ஜினை ஐடில்ல விட்டு ஆயில் ஊத்தற மூடியை திறந்து அதும் மேலேயே லூஸா வைங்க. லேசா நடுங்கினா சரி, தூக்கி அடிச்சு புகையா வந்தா பேக் கம்ப்ரஷன், ரிங், லைனர் தேஞ்சிருக்கு. கேஜ் போட்டு அளந்தா நல்ல இன்ஜின் 400 பிஎஸ்ஐ பக்கம் காட்டும், 300க்கு கீழ போனாலோ ஒரு சிலிண்டர் மட்டும் நல்லா இறங்கியிருந்தாலோ வேலை இருக்கு. அந்த நிலைமைக்கு வந்த இன்ஜினுக்கு பம்ப், நாஸில், டர்போன்னு செலவு பண்ணாதீங்க, அந்தக் காசை சேத்து வச்சு ஹெட்டை இறக்குங்க.

எதை மாத்தினாலும் ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்திட்டு ஓட்டிப் பாருங்க, நாலையும் சேத்து மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு அடுத்த தடவை தெரியாது. நான் ஒரே ரோடு, ஒரே லோடு, ஒரே கியர்னு வச்சு பாப்பேன். பண்ணாரி செக்போஸ்ட் தாண்டினதும் கடிகாரத்தை பாத்துக்கிட்டு, ஒவ்வொரு வளைவுலயும் எந்த கியர்ல எந்த ஸ்பீடுல வெளிய வந்தேன்னு பக்கத்துல உக்காந்திருக்கற பையனை நோட்டுல எழுதச் சொல்வேன். டேங்க் கழுவினப்புறம் போட்ட நோட்டுல ஒன்பதாவது வளைவு ரெண்டாவது கியர் 20, பதினஞ்சாவது வளைவும் ரெண்டாவது கியர் 20, இருபத்தேழுலயும் அதேதான் எழுதியிருக்கு.